மேல்மாடிக்கு வந்த கல்முனைக் கடல்

பதுளை,
வியாழக்கிழமை, மழை.

பெருமதிப்புக்குரிய அஸீஸ் முதலாளி அவர்களுக்கு,

பதுளைக் கடைவீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவனும், தங்கள் மகளுக்கு மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்திருப்பவனுமாகிய கதிர்காமநாதன் எழுதுவது. உங்கள் முறைப்படி ஸலாம். எங்கள் முறைப்படி வணக்கம். ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். என் மனைவி மீனாம்பாள், முழங்கால் வலி நீங்கலாக, சுகம். தங்கள் மகள் றுஸைனா டீச்சர் சுகம். அவரோடு மேல்மாடியில் இருக்கும் மற்ற இருவரும் சுகம்.

அந்த இருவர் யார் என்று திடுக்கிட்டு உடனே போனை எடுக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன வாரம் நீங்கள் போனில் கேட்டீர்கள்: “ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் எடுக்க எல்லா ஏற்பாடும் செஞ்சாச்சு. மகள்தான் ஓமெண்டும் சொல்றா இல்ல, இல்லையெண்டும் சொல்றா இல்ல. பதுளையில அவவைப் பிடிச்சு வெச்சிருக்கிறது யாரு? உள்ளதைச் சொல்லுங்க.” நான் அப்போது “அப்படி ஒருத்தரும் இல்லீங்க, டீச்சர் தங்கமான புள்ள” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தங்கமான பிள்ளை என்பது உண்மை. ஒருத்தரும் இல்லை என்பது பொய். போனில் உண்மை பேச முடியாததற்குக் காரணம் எங்கள் வீடு. பழைய வீடு, மேல்மாடித் தளம் வெறும் பலகை, கீழே நான் தும்மினால் மேலேயிருந்து “தடிமனா அங்கிள்?” என்று குரல் வரும். ஆகவே எழுத்தில் தருகிறேன். உங்கள் மகளைப் பதுளையில் பிடித்து வைத்திருப்பவர்கள் இரண்டு பேர். இருவரும் செம்மஞ்சள் நிறம். உடம்பில் வெள்ளைப் பட்டி. ஒன்று சுண்டுவிரல் நீளம், மற்றது அதைவிடக் கொஞ்சம் பெரிது. கோமாளி மீன் என்று பெயராம்.

மேல்மாடியை வாடகைக்கு விடும்போது நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். நாங்கள் சைவம், எங்கள் வீட்டில் மீன் என்று இருந்தது என் மனைவியின் பெயரில் மட்டும்தான். நீங்களோ கல்முனையில் பெரிய மீன் வியாபாரி. அதனால் தயங்கித் தயங்கித்தான் டீச்சரிடம் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். சொன்ன சொல் தவறவுமில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வந்து இறங்கியவர், ஐஸ் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு படியேறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். பெட்டிக்குள் பை, பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் இவர்கள்.

“என்ன டீச்சர் இது? நம்ம பேச்சு என்ன?”

“மீன் சமைக்கக் கூடாதெண்டுதானே சொன்னீங்க அங்கிள். நான் சமைக்கல்லயே.”

முதலாளி, இந்தக் கடைவீதியில் எத்தனையோ பேரோடு பேரம் பேசியிருக்கிறேன். இப்படி ஒரே வாக்கியத்தில் யாரும் என்னை மடக்கியதில்லை. இறங்கி வந்தேன். (இனிமேல் டீச்சரை ‘அவள்’ என்றே எழுதுகிறேன். ‘அவர்’ என்று மரியாதை கொடுத்து எழுதினால் வரவேண்டிய கோபம் வர மாட்டேன் என்கிறது.)

சாதாரணத் தொட்டி மீனாக இருந்தால்கூடச் சகித்திருப்பேன். இவர்களுக்குக் கடல்தான் வேண்டுமாம். சுற்றிலும் மலையும் தேயிலையும் இருக்கிற ஊரில் கடலுக்கு எங்கே போவது? இந்த இடத்தில் குற்றத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. வாராவாரம் உங்கள் மீன் லொறி பதுளைக்கு வரும்போது டிரைவர் றிகாஸ் தம்பி என் கடைவாசலில் கேன் கேனாகக் கடல்நீர் இறக்குகிறாரே, அதை நிரப்பி அனுப்புவது யார்? பள்ளிக்கூடத்து விஞ்ஞான பாடத்துக்கு என்று மகள் சொன்னாளாம், நீங்கள் நம்பினீர்களாம். எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இவ்வளவு கடல் படிக்கிறார்கள்? வழியில் ஒருநாள் லொறியை மறித்த பொலிஸ்காரர் ஒருவர், கேனில் இருப்பது கசிப்புச் சாராயம் என்று நினைத்து ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, இதைக் காசு கொடுத்துக் குடிக்கிற பாவி யார் என்று றிகாஸிடம் பரிதாபமாகக் கேட்டாராம்.

கடல்நீர் வந்தால் மட்டும் போதாது, அது கடல் மாதிரி நடந்துகொள்ளவும் வேண்டும். அதற்கான சாமான்களெல்லாம் கொழும்பில் விற்கின்றனவாம். அவள் வாங்க மாட்டாள், தானே செய்வாள். அன்றைக்குப் பிடித்தது என் கடைக்குச் சனி. பள்ளிக்கூடம் விட்டதும் குடையை மடக்கிக்கொண்டு வந்து கல்லாவுக்கு எதிரே நிற்பாள், கையில் ஒரு படம். இந்த சைஸில் பைப்புக்கு இரண்டு எல்போ, ஒரு டீ, ஒரு வால்வ், ஒரு டியூப் சிலிக்கன் என்பாள். எடுத்துக் கொடுத்துவிட்டு, இதையெல்லாம் சேர்த்தால் என்ன வரும் என்று மனசுக்குள் பொருத்திப் பார்ப்பேன். குளியலறையும் வராது, கிணற்று மோட்டரும் வராது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“டீச்சர், இப்படி வளைச்சா தண்ணி மேல ஏறணுமே. தண்ணி கீழதானேங்க வரும்?”

“மேல ஏறித்தான் கீழ வரும் அங்கிள். வந்து பாருங்களன்.”

போய்ப் பார்த்தேன். மேசை மேல் கண்ணாடித் தொட்டி, அதில் மீன்கள். மேசைக்கு அடியில் இன்னொரு தொட்டி. அங்கேதான் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலை. மேல்தொட்டியில் துளை போட்டால் கண்ணாடி வெடிக்கும். ஆகவே தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஏறி இறங்க வேண்டும். ‘ப’ எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு பைப் செய்து விளிம்பில் மாட்டியிருந்தாள். ஒரு முனையில் வாயை வைத்து இழுத்தாள். தண்ணீர் ஏறியது, தாண்டியது, இறங்கியது. கீழேயிருந்து ஒரு சின்ன மோட்டர் அதைத் திரும்ப மேலே அனுப்பியது. நான் கால் கடுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் கடையில் தூசி படிந்து கிடந்த எல்போவுக்கு இப்படியொரு வேலை தெரியும் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் வீட்டுக்காரன் என்ற முறையில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “தளம் பலகை டீச்சர், கவனம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது கரண்ட் போனது. அந்தப் பைப்பில் காற்றுப் புகுந்துவிட்டது. கரண்ட் வந்ததும் மோட்டர் தன் கடமை தவறாமல் கீழ்த்தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றியது. ஏறிய தண்ணீருக்கு இறங்க வழியில்லை. இது எதுவும் தெரியாமல் நான் கடையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்தேன். குசினியில் அடுப்போரம் மணையைப் போட்டு உட்கார்ந்து, அடுப்பிலிருந்தபடியே ஒரு கரண்டி ஊற்றச் சொல்லிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

“இன்னைக்கு சாம்பார்ல உப்பு ரொம்பக் கரெக்டா இருக்கே” என்றேன்.

“நான் இன்னும் உப்பே போடலீங்களே” என்றாள் மீனாம்பாள்.

இரண்டு பேரும் மெல்ல அண்ணாந்து பார்த்தோம். என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. கல்முனைக் கடல்.

சாயங்காலம் அவள் வருவதற்குள் நல்ல ஏச்சாக ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். வந்தவள் குசினியைப் பார்த்தாள், பையைக் கீழே வைத்தாள், ஒரு துணியை எடுத்து முழங்கால் போட்டுத் தரை முழுவதும் துடைக்கத் தொடங்கினாள். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. துடைத்து முடித்து எழுந்து நின்று, “நான் வேற இடம் பார்க்கணுமா அங்கிள்?” என்று கேட்டாள். தயார் செய்த ஏச்சு முழுவதும் எனக்கு மறந்துபோனது. மீனாம்பாள்தான், “மொதல்ல இந்த டீயக் குடி. போறதப் பத்தி பொறகு பேசிக்கலாம்” என்றாள். அந்தப் பேச்சு பிறகு வரவேயில்லை.

அந்த வார இறுதி முழுக்க அவள் யோசித்தாள். பைப்பின் இரண்டு முனைகளும் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னப் பெட்டி ஒட்டினாள். கரண்ட் போனாலும் பெட்டிகளில் தண்ணீர் நிற்கும், காற்றுப் புகாது, கரண்ட் வந்ததும் தண்ணீர் விட்ட இடத்திலிருந்து ஓடும். சொன்னால் சின்ன விஷயம். ஆனால் பிழை எங்கே என்று தேடி அந்த இடத்தில் மட்டும் கை வைத்தாளே, அதைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது நுரை எடுக்கும் கருவி. மீன் இருக்கிற தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத அழுக்குச் சேருமாம். பொடிப்பொடியான காற்றுக் குமிழை அதற்குள் விட்டால் அழுக்கு நுரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடுமாம். பெரிய சோடாப் போத்தல்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, உச்சியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து உருவத்தைச் செய்துவிட்டாள். குமிழ்தான் சரியாக வரவில்லை. ஒரு மரத்துண்டுக்குள் காற்றை அழுத்தினால் மரத்தின் நாளங்கள் வழியாகப் பொடிக் குமிழ் வரும் என்று படித்திருந்தாள். எந்த மரம் என்பதுதான் கேள்வி. விறகுக் கட்டை, கதவு நிலைத் துண்டு, பென்சில், எல்லாவற்றையும் தண்ணீரில் அமுக்கி ஊதிப் பார்த்தாள். மீன் இருக்கிற மாடிக்குப் படியேற மாட்டேன் என்று சபதம் செய்திருந்த மீனாம்பாள், ஒருநாள் மோர் கடையும் மத்தைத் தானாகவே மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் ஒரு மாணவியின் தாய், ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல்மரத்தின் கிளை ஒன்று கொடுத்தனுப்பினாள். அதை அறுத்து மாட்டி ஊதியபோது தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. “அங்கிள்! ஆன்ட்டி!” என்று மேலேயிருந்து ஒரு கூச்சல். இரண்டு பேரும் ஓடினோம். மீனாம்பாளின் முழங்கால் வலி என்னைவிட முன்னால் ஓடியது.

பிறகு சுண்ணாம்பு. மீன்களோடு அவள் தொட்டியில் போட்டிருந்த பவளக் கல்லுக்கும் நத்தைக்கும் சுண்ணாம்புச் சத்து குறையாமல் இருக்க, தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மீனாம்பாளின் வெற்றிலைச் சுண்ணாம்பு அதற்குப் போனது. சொட்டு விட பாமசியில் சேலைன் ஏற்றும் டியூப் வாங்கி வந்து, ஜன்னலோரமாகப் போத்தலைத் தொங்கவிட்டாள். தெருவிலிருந்து பார்த்தால் தொட்டி தெரியாது. தொங்கும் சேலைன் மட்டும் தெரியும். நான் படுத்த படுக்கை என்று கடைவீதி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பசறையிலிருந்து என் மைத்துனர் தோடம்பழமும் மால்ட் டின்னும் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்து, வாசலில் நான் நிற்பதைக் கூடக் கவனிக்காமல், “அத்தான் போயிட்டாரா?” என்று அழுதபடி நேராக மாடிக்கு ஏறிவிட்டார். அழுது களைத்தவருக்குத் தாகம். மேசையில் ஒரு கிளாசில் பிளேன்டீ நிறத்தில் ஏதோ இருந்தது. அது நுரைக் கருவி கக்கிய அழுக்கு. வாய்வரை கொண்டுபோய்விட்டார், மூக்கு அவரைக் காப்பாற்றியது. தோடம்பழம் நன்றாக இருந்தது.

இதுவரை எழுதியதெல்லாம் சிரிக்கிற விஷயம். ஐப்பசி மழையில் நடந்தது அப்படியல்ல. காற்றுக்கு மரம் முறிந்து லைனில் விழுந்து, ஊர் முழுக்க இரண்டு நாள் கரண்ட் இல்லை. மறுநாள் காலை நான் கடை திறக்கப் போனபோது அவள் நனைந்துகொண்டு வாசலில் நின்றாள்.

“அங்கிள், லொறி டியூப் எங்க எடுக்கலாம்?”

“லொறி டியூபா? எதுக்கும்மா?”

“காத்து வேணும். ரெண்டும் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுதுகள்.”

டயர்க் கடை முருகையாவிடம் போனோம். அவரிடம் டியூப் இருந்தது. காற்றடிக்கும் மெசினுக்குக் கரண்ட் இல்லை. கால் பம்ப் ஒன்றைத் தேடி எடுத்தார். அவர் மிதித்தார், நான் மிதித்தேன், மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் என்ன ஏதென்று கேட்காமல் வந்து மிதித்தார்கள். வீங்கிய லொறி டியூபைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு கடைவீதியில் நடந்தேன். எனக்கு வெட்கமாகவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவள் அந்த சேலைன் டியூபை லொறி டியூபின் வாயில் மாட்டி, அதிலிருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகினாள். காற்று அளவாக இறங்கி மரத்துண்டு வழியே குமிழாக வந்தது. ஒன்று சுருங்கினால் இன்னொன்று. நானும் முருகையாவும் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருந்தோம். கடைக்கு வந்தவர்களை நாளை வரச் சொன்னேன்.

காற்று கிடைத்தது, சூடு இல்லை. பதுளைக் குளிர் கடல் மீனுக்கு ஆகாது. மீனாம்பாள் காஸ் அடுப்பில் சுடுநீர் வைத்துப் போத்தல் போத்தலாக மூடி மேலே கொண்டுபோய்த் தொட்டியில் மிதக்கவிட்டாள்; எங்கள் போர்வையைத் தொட்டிக்குப் போர்த்தினாள். அப்படியிருந்தும் சின்ன மீன் அடியில் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. உங்கள் மகள் தரையில் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தை விரலில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

“வாப்பா கூப்பிட்டா போகத்தான் வேணும் அங்கிள்” என்றாள், என்னைப் பார்க்காமலே. “ஆனா இது முழுக்க என்ட கையால செஞ்சது. இதுக்கு முன்ன நான் ஒண்டையும் இப்படிச் செஞ்சதில்ல. ஊர்ல எனக்கு எல்லாம் வாப்பாதான் செஞ்சு தருவாங்க.”

இதை நான் உங்களுக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் சின்னது மெல்ல நிமிர்ந்தது. செட்டையை அசைத்தது. பெரியது வந்து அதைப் பக்கத்தில் இடித்துப் பார்த்தது. மீனாம்பாள், “எழுந்துட்டான்டி, எழுந்துட்டான்!” என்று உங்கள் மகளைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் மதியம் கரண்ட் வந்தபோது நாங்கள் மூன்று பேரும், யாரும் யாரையும் கூப்பிடாமலே, குசினிக்கு ஓடி அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். வெகுநேரம் நின்றோம். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. நான் கை தட்டினேன்.

இதற்கு மேலும் என்னால் தாங்க முடியாது முதலாளி. கடைக்குக் குழாயில் மாட்டும் டெப் வாங்க வருகிறவர்களுக்கு நான் கவிழ்த்த ‘ப’வின் தத்துவத்தை விளக்கத் தொடங்கிவிடுகிறேன், ஒருவர் டெப் வாங்காமலே போய்விட்டார். மீனாம்பாள் விடிந்ததும் விளக்கேற்றிவிட்டு நேரே மாடிக்குப் போகிறாள்; அங்கே யாரோடோ பேசுகிறாள். கேட்டால், “நீங்க கடையில ஆளுங்களோட பேசலையா?” என்கிறாள். என் வாசல் கேட் உப்புத் தண்ணீர் பட்டுத் துரு ஏறிவிட்டது. இந்த வயதில் எங்களுக்கு இது ஒத்துவராது. ஆகவே தயவுசெய்து அடுத்த வாரமே லொறியோடு வந்து, மகளையும், அந்த இருவரையும், மேலேயிருக்கும் கடலையும் பத்திரமாக ஏற்றிக்கொண்டு போகும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பைப்புகளைக் கழற்ற நானே கூட நிற்பேன். வேறு யாரும் கை வைத்தால் உடைத்துவிடுவார்கள்.

தங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். தங்கள் வியாபாரம் செழிக்கவும், மழை வெள்ளமில்லாமல் காலம் நல்லபடி போகவும் எங்கள் சாமியிடம் நாங்கள் கேட்கிறோம். எங்களுக்காக உங்கள் தொழுகையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை மறவாத,
ச. கதிர்காமநாதன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுவிட்டு எழுந்திருக்கிறேன், மேலேயிருந்து மீனாம்பாள் போட்ட சத்தத்தில் பலகையே அதிர்ந்தது. மீன்கள் ஒதுங்கத் தொட்டிக்குள் போட்டிருக்கும் மண்சட்டியின் உள்பக்கம் முழுக்க செம்மஞ்சள் முட்டை! பெரியதுதான் பெண்ணாம். போட்டுவிட்டு அது பாட்டுக்குச் சுற்றுகிறது. சின்னது, அந்தத் தகப்பன், தின்னக்கூட நகராமல் செட்டையால் விசிறிக்கொண்டு காவல் நிற்கிறது. நான் மனசு கேளாமல் உங்கள் மகளிடம், “வாப்பாவுக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கேன்மா, உன்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லி” என்று சொல்லிவிட்டேன். அவள் முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “எனக்கு இங்கயே இருக்க விருப்பம் அங்கிள். அதையும் எழுதுவீங்களா?” என்றாள். எழுதிவிட்டேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான்; மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டு இதை மட்டும் வாசிக்கவும். லொறியில் ஏற்றிப் போகிற பேச்சே வேண்டாம். பிள்ளை பெற்ற வீட்டை இந்த மலைப்பாதை வளைவுகளில் குலுக்கிக்கொண்டு போவது உங்கள் வழக்கத்திலும் இருக்காது. குஞ்சுகளுக்குத் தனித் தொட்டி வேண்டுமாம்; அதற்குப் பைப் வெட்டிக்கொண்டிருப்பதால் கையெழுத்து இப்படிக் கோணுகிறது. நீங்களும் வீட்டம்மாவும் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். முறைப்படி பார்த்தால் கடல் உங்கள் ஊர், நீங்கள்தான் தாய்வீடு. ஆகவே இந்த வாரம் றிகாஸிடம் நாலு கேன் கூடுதலாகக் கொடுத்தனுப்பவும். தாய்வீட்டுச் சீர் குறைந்தால் மீனாம்பாள் பேசுவாள்; நான் பொறுப்பில்லை.